முடியை நேராக்கிக்கொண்டு ஓடப் போகிறவர்களுக்கு

சுருட்டை முடியை ரசாயனம் போட்டு நேராக்கும்போது, அன்றைக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவது மாதம் எப்படி இருக்கும் என்று யாரும் வாய் திறப்பதில்லை. அதிலும் தினமும் ஓடுகிறவராகவோ நீந்துகிறவராகவோ இருந்தால், அந்த மூன்றாவது மாதத் தொல்லை ஒன்றரை மாதத்திலேயே வந்து நிற்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி முடியும் நிறையப் பணமும் மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை. காலையில் ஓட்டம், வாரக் கடைசியில் நீச்சல் என்று பல வருடப் பழக்கம். சிக்கெடுக்க ஆகும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் ரீபாண்டிங் என்ற ரசாயன நேராக்கலைச் செய்துகொண்டேன். முதல் சில வாரங்கள் சொர்க்கம். ஓடிவிட்டு வந்து குளித்து, விரலாலேயே கோதிவிட்டு, ஈரம் காய்ந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். இவ்வளவு காலம் ஏன் இதைச் செய்யாமல் இருந்தோம் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் வேர் முளைக்க ஆரம்பித்தது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ரசாயனம் பட்டது வெளியே இருக்கும் முடியில் மட்டும்தான். தோலுக்குள் இருக்கும் வேருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது, அது தன் பாட்டுக்குச் சுருளையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆக, இரண்டு மாதம் போனால் ஒரே இழையில் மேலே இரண்டு சென்டிமீட்டர் சுருள், அதற்குக் கீழே முழுக்க நேர். பார்ப்பதற்குக் கொஞ்சம் உப்பலாக இருக்கும், அவ்வளவுதானே என்று நினைப்போம். அழகு கெடுவதை விடுங்கள். சுருளும் நேரும் சேரும் அந்த எல்லைதான் முழு இழையிலும் பலவீனமான இடம். சீப்பு அங்கே போய்த்தான் மாட்டும், ரப்பர் பேண்ட் அங்கேதான் அழுத்தும், உடைந்தால் அங்கேதான் உடையும்.

இதில் வியர்வை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. முடியின் வடிவத்தை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. அதை உடைக்க ரசாயனம் வேண்டும். இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்குத் தண்ணீரே போதும். டிரையரும் அயர்ன் பண்ணும் கருவியும் வேர்முடியை நேராக்குவது இந்த இரண்டாவது பிணைப்பை மாற்றி அமைத்துத்தான். எனவே ராத்திரி உட்கார்ந்து வேரை நேராக்கி வைத்தாலும், காலையில் பத்து நிமிடம் ஓடி வியர்த்தால் அது பழையபடி சுருண்டுவிடும். கீழே இருக்கும் முடி அசையாமல் நேராகவே தொங்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி அயர்ன் செய்தேன். வியர்வை ஈரம் முழுதாகக் காயாத வேரில் சூட்டுக் கருவியை வைத்தால், இழைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடிக்குள்ளேயே குமிழி குமிழியாக வெற்றிடத்தை உண்டாக்கும். அந்த இடம் பிறகு தொட்டாலே ஒடியும். கருவியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு கட்டத்தில் ஓடுவதைக் குறைத்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முக்கியமான கூட்டம் இருக்கும் நாளுக்கு முந்தைய நாள் ஓட மாட்டேன். தலை குளித்த அடுத்த நாள் ஓட மாட்டேன். நீச்சலை அறவே நிறுத்திவிட்டேன். முடியைக் காப்பாற்றுகிறேன் என்று உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். இதில் நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக, இருந்த ரெஜினா பெஞ்சமின் 2011-இல் சிகையலங்காரக் கலைஞர்களின் மாநாட்டுக்கே போய், தலைமுடி கெட்டுவிடும் என்று பெண்கள் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்கள் நூற்றுச் சொச்சம் பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் முடிக்காக உடற்பயிற்சியைத் தவிர்த்ததுண்டு என்று சொல்லியிருந்தார்கள். ரிலாக்ஸர் என்ற நேராக்கும் மருந்து போட்ட முடியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். எனக்கு உருப்படியாக உதவிய யோசனைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய பழக்கங்களிலிருந்து வந்தவைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேர்முடி தாங்க முடியாமல் போனபோது டச்-அப் செய்துகொள்ளப் போனேன், அதாவது புதிதாக முளைத்த வேர்முடிக்கு மட்டும் மருந்து போட்டுக்கொள்ள. முதலில் செய்த பார்லரில் நேரம் கிடைக்கவில்லை, அதனால் வேறொரு இடம். அங்கே என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதற்கு முன் என்ன மருந்து போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், தலையில் புண் ஏதாவது இருக்கிறதா, இன்றைக்கு வியர்த்ததா, எதுவுமில்லை. உட்கார வைத்துக் கலவையைப் பூச ஆரம்பித்துவிட்டார்கள். வேரில் பூசிய பிறகு அந்தப் பெண், "முடி முழுக்க ஒரு இழுப்பு இழுத்துவிட்டா நல்லா பளபளன்னு இருக்கும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே நுனி வரைக்கும் சீப்பால் இழுத்துவிட்டார். காலையில் ஓடிவிட்டு நேராக அங்கே போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உச்சியும் காதோரமும் எரிய ஆரம்பித்தன. எரிகிறது என்று சொன்னேன். "எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றார். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் உடனே எழுந்து தலையை அலசச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்ய வேண்டியது முடியில். எரிவது தோல்.

அன்று கழுவும்போதே முடி ஒரு மாதிரி இருந்தது. ஈரத்தில் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அடுத்த சில நாட்களில் தலையணையில், துண்டில், ஓடும்போது போடும் சட்டையின் தோளில் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். அப்புறம் ஒருநாள் ரப்பர் பேண்டைக் கழற்றியபோது, அது அழுத்தியிருந்த வட்டத்தில் இருந்த முடி அப்படியே கற்றையாகக் கையோடு வந்துவிட்டது. அழுதேன். கோபம், பயம், இதுக்குப் போய் அழுகிறோமே என்ற எரிச்சல், எல்லாம் சேர்ந்த அழுகை. பிடரியிலும் உச்சியிலும் விரல் அகலத்துக்குக் கட்டைக் கட்டையாக நின்ற முடியோடு சில மாதம் தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே போனேன்.

என்ன நடந்திருக்கிறது என்று விளக்கியவர் தோல் மருத்துவர். முடியை நிரந்தரமாக நேராக்கும் மருந்துகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. ரீபாண்டிங்கில் வழக்கமாகப் போடுவது அமோனியம் தயோகிளைகோலேட். அது கந்தகப் பிணைப்பை உடைக்கும், பிறகு நியூட்ரலைஸர் போட்டு நேரான நிலையில் அதை மறுபடி சேர்ப்பார்கள். ரிலாக்ஸர் என்று பொதுவாகச் சொல்வது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு வகை. அதன் பிஎச் 12-க்கும் மேலே, அதாவது கடுமையான காரம். அது பிணைப்பையே வேறொன்றாக மாற்றிவிடும், திரும்பச் சேர்க்க வழியில்லை. இந்த இரண்டு குடும்பமும் ஒரே இழையில் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் முடி உடையும். எனக்கு முதலில் போட்டது தயோ, டச்-அப்பில் போட்டது ஹைட்ராக்சைடு, அதையும் பழைய முடி மேலேயே இழுத்துவிட்டிருந்தார்கள். அதனால் முதலில் போட்ட மருந்தின் பெயரைக் கேட்டு, முடிந்தால் டப்பாவையே படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்துக்குப் போனால் அந்தப் படத்தைக் காட்டாமல் நாற்காலியில் உட்காராதீர்கள். பெயர் தெரியவில்லை என்றால், பழைய முடி முழுதாக வெட்டிப் போகும் வரை புது மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார்.

அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம், கொட்டுவதையும் உடைவதையும் பிரித்துப் பார்ப்பது. உதிர்ந்த முடியை எடுத்து முனையைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. தினமும் ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது சாதாரணம். குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் அறுந்த மாதிரி இருந்தால் உடைந்தது. எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டாவது வகை. நான் அதுவரை முடி கொட்டுகிறது என்று நினைத்து, வேரை பலப்படுத்தும் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் பணத்தைக் கொட்டியிருந்தேன். எல்லாம் வீண். தலையில் மருந்து பட்டு வந்த புண்ணுக்கு வைத்தியம், புரதச் சிகிச்சை, சீரம், கடைசியில் குட்டையாக வெட்டியது என்று எல்லாவற்றையும் கூட்டினால், முதலில் முடியை நேராக்கக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வருகிறது. மிச்சம் பிடிக்க நினைத்த நேரத்தின் கணக்கு தனி, அதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

இனி, வேர்முடியை வைத்துக்கொண்டு உடற்பயிற்சியும் செய்ய இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். முதல் காரியம், ரப்பர் பேண்ட் போன இடம் தெரியாமல் போய்விட்டது. துணி சுற்றிய தளர்வான பட்டையோ, ஃபோன் வயர் மாதிரி சுருண்ட பட்டையோதான். அதுவும் ஒரே இடத்தில் போடுவதில்லை. இன்று உச்சியில் கட்டினால் நாளை பிடரியில், அடுத்த நாள் இரண்டு தளர்ந்த பின்னல். எல்லைக்கோட்டின் மேல் தினமும் ஒரே இடத்தில் அழுத்தம் விழக் கூடாது என்பதுதான் கணக்கு. ஓடும்போது முடி ஆடாமல் இருக்க இறுக்கிக் கட்டத் தோன்றும். இறுக்கினால் நெற்றியோர முடி வேரோடு பின்வாங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அது திரும்ப முளைக்காமலே போகலாம். கட்டிய பிறகு புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றித் தோல் இழுத்தால் தளர்த்திவிடுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் முடியை அவிழ்ப்பதில்லை. நெற்றி முதல் பிடரி வரை வழவழப்பான ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, உடம்பைத் தளர்த்தும் பயிற்சிகளைச் செய்வேன். கால் மணி நேரத்தில் வியர்வை காய்ந்து வேர் படிந்திருக்கும். சூடும் இல்லை, சீப்பும் இல்லை. அவசரம் என்றால் டிரையரில் குளிர்ந்த காற்றை மட்டும் வேரில் காட்டுவேன். என்னைக் கேட்டால், கடையில் வாங்கிய எந்தச் சீரத்தையும்விட இந்த ஒரு முழத் துணி அதிகம் உழைத்திருக்கிறது.

வியர்வை பெரும்பாலும் தண்ணீர்தான், ஆனால் காய்ந்தால் உப்பு தங்கிவிடும். முடி சொரசொரப்பாகி, தலை அரிக்கும். அதற்காகத் தினமும் ஷாம்பு போட்டால் ரசாயனம் பட்ட முடி வைக்கோலாகிவிடும். நான் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு முறை மென்மையான ஷாம்பு, அதுவும் தோலில் மட்டும். வழியும் நுரையே நுனிக்குப் போதும். மற்ற நாட்களில் அதிகமாக வியர்த்தால் வெறும் தண்ணீரில் வேரை அலசி, நீளத்தில் கண்டிஷனர் போட்டுக் கழுவுவதோடு சரி. சிக்கெடுப்பது கண்டிஷனர் தலையில் இருக்கும்போது மட்டும், அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே. எல்லைக்கோட்டுக்கு வரும்போது ஒரு கையால் வேர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன், இழுப்பு தோலுக்குப் போகாமல். உலர்ந்த வேர்முடியில் சீப்பு போடவே மாட்டேன்.

நீச்சலுக்கு மறுபடி போகிறேன். முடி ஒரு அளவுக்குத்தான் தண்ணீரைக் குடிக்கும். அதனால் குளத்தில் இறங்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்து, கண்டிஷனர் தடவி, தளர்வாகப் பின்னி, சிலிகான் தொப்பி போட்டுக்கொண்டால் குளோரின் தண்ணீர் உள்ளே போவது குறைகிறது. அடர்த்தியான முடிக்குச் சாதாரணத் தொப்பி பற்றாது. பெரிய அளவில் தனியாகவே கிடைக்கிறது. (சோல் கேப் என்ற அந்த மாதிரித் தொப்பிக்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது அனுமதி மறுத்த உலக நீச்சல் கூட்டமைப்பு, மறு வருடம் அனுமதி கொடுத்தது. முடி அடர்த்தியாக இருப்பதில் இவ்வளவு அரசியல்.) வெளியே வந்ததும் அங்கேயே தலையை அலசிவிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. குவானிடின் வகை ரிலாக்ஸர் போட்டவர்களுக்கு முடியில் கால்சியம் படிந்து வறண்டுபோகும். அவர்களும் அடிக்கடி நீந்துகிறவர்களும் மாதம் ஒருமுறை கீலேட்டிங் ஷாம்பு (படிந்த தாது உப்புகளை நீக்குவது) போட்டுவிட்டு, உடனே நல்ல கண்டிஷனர் போட்டால் வித்தியாசம் தெரியும்.

டச்-அப் விஷயத்தில் இப்போது நான் கறார். எட்டு வாரத்துக்கு முன் கிடையவே கிடையாது. பத்து, பன்னிரண்டு வாரம் இழுக்க முடிந்தால் இழுப்பேன். வேர்முடி போதுமான நீளம் இல்லாவிட்டால் மருந்து பழைய முடி மேல் ஏறாமல் போட யாராலும் முடியாது. பந்தயமோ கடுமையான பயிற்சி வாரமோ முடிந்த பிறகு வரும் ஓய்வு வாரத்தைத்தான் இதற்கு ஒதுக்குகிறேன். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் வியர்க்கும் வேலை இல்லை, தலையைச் சொறிவதில்லை, ஷாம்பு இல்லை. சொறிந்த கீறலிலும் உப்பு அரித்த தோலிலும் மருந்து பட்டால் புண்தான். ஓரத்திலிருந்து நாலைந்து இழையை எடுத்து முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். நெற்றியோரம், காது, பிடரி, அப்புறம் எல்லைக்கோட்டுக்குக் கீழே உள்ள பழைய முடி, எல்லாவற்றிலும் பெட்ரோலியம் ஜெல்லி பூசிய பிறகுதான் மருந்து. நுனி வரை இழுத்துவிடும் வேலைக்கு இடமே இல்லை. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற பார்லரிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். முடிந்த பிறகும் குறைந்தது மூன்று நாள் நடை மட்டும்தான். புதிதாக மருந்து பட்ட தோலில் வியர்வை உப்பு பட்டால் எரியும், அந்த நாட்களில் கட்டிவைத்தால் முடியில் மடிப்பும் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், முடியை நேராக்கும் ரசாயனங்களை வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. எழுபது வயதுக்குள் என்று கணக்கிட்டால் போடாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. மொத்தத்தில் அரிதான நோயும்கூட. இருந்தாலும் வேர் தெரிகிறதே என்று ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஓடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண்தான். ஃபார்மால்டிஹைடு (நேராக்கும் சில மருந்துகளில் இருக்கும் தீங்கான ரசாயனம்) இல்லாதது என்று விற்கப்படும் சில கிரீம்களில் கிளைஆக்சிலிக் அமிலம் இருக்கும். அது தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்ததாக 2024-இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றிய அறிக்கை வந்தது. அவருக்கும் போடும்போது தலை எரிந்திருக்கிறது.

முடியைத் தொடர்ந்து நேராக்குவதா, சுருட்டையாகவே வளரவிடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வளரவிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாள் போகப் போக வேர்முடி நீண்டு எல்லைக்கோடு கீழே இறங்கும், ஆனால் பலமாகாது. மேலே சுருளின் கனமும் கீழே நேர்முடியின் வழுக்கலும் சேர்ந்து சிக்கு அதிகமாகும், ஓடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஒரேயடியாக வெட்ட மனம் வராவிட்டால், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வாருங்கள். ஓடப் போகும் நாட்களில் வேரையும் நுனியையும் சேர்த்து இரண்டாகவோ நான்காகவோ தளர்வாகப் பின்னிக்கொண்டால் போதும், குளிக்கும்போதும் அந்தப் பின்னலை அவிழ்க்காமலே அலசலாம்.